இடங்கொடுங்கள்: எட்டுப் பிள்ளைகளின் வகுப்பறையில் முதல் ஒரு வருடம்

ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் வகுப்பறை வாசலில் நின்று பார்த்தேன். மனசு நிறைந்திருந்தது. கலர் காகிதத் தோரணம், பலூன், பறவைகள், பழங்கள், வாகனங்கள் என்று சுவர் கொள்ளாமல் சார்ட்டுகள். எதிர்ச் சுவரில் ஜிகினா ஒட்டிய எழுத்தில் ஒரு வசனம்: “சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு இடங்கொடுங்கள், அவர்களைத் தடைபண்ணாதிருங்கள்.” மாற்கு 10ஆம் அதிகாரம், 14ஆம் வசனம். இரண்டு ராத்திரி உட்கார்ந்து வெட்டி ஒட்டியது.

மறுநாள் காலை பத்து மணிக்குள் ஏழு வயதுப் பையன் ஒருவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என் மேஜைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். மத்தியானம் அவன் ஆச்சி வந்து கூப்பிடும்வரை வெளியே வரவில்லை.

அவனை இங்கே தம்பி என்றே எழுதுகிறேன். பிள்ளைகள் யாருடைய பெயரையும் எழுதப்போவதில்லை. அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். பள்ளி பாளையங்கோட்டைப் பக்கம் இருக்கிறது, திருச்சபை நடத்துவது, அரசு அங்கீகாரம் பெற்றது. அவ்வளவு போதும்.

வகுப்பில் எட்டுப் பேர், ஆறிலிருந்து பத்து வயது. இருவருக்கு ஆட்டிசம், அதில் ஒருவன் தம்பி. மூவருக்கு அறிவுசார் குறைபாடு, அதில் ஒருவனுக்கு வலிப்பும் உண்டு. ஒரு பையனுக்கு டவுன் சிண்ட்ரோம். ஒரு பெண் பிள்ளைக்கு மூளை முடக்குவாதம், சக்கர நாற்காலியில் வருபவள். இன்னொருத்திக்குப் பார்வை மிகக் குறைவு, கற்பதிலும் தாமதம். நான்கு இந்துக் குடும்பங்கள், மூன்று கிறிஸ்தவக் குடும்பங்கள், ஒரு முஸ்லிம் குடும்பம். எனக்குத் துணையாக ஓர் ஆயாம்மா.

இந்த ஊரில் கிறிஸ்தவ டீச்சர் ஒருத்தி இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பது யாருக்கும் புதிதல்ல. ஃபுளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் அம்மையார் காது கேளாத பிள்ளைகளுக்காக இங்கே பள்ளி தொடங்கியது 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில். பார்வையற்ற பிள்ளைகளுக்கான பள்ளியும் ஏறக்குறைய அதே வயதுடையது. அதனால் எந்த மதத்துப் பெற்றோரும் தயக்கமில்லாமல் பிள்ளையை நம் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அந்த நம்பிக்கையை நான் சம்பாதிக்கவில்லை. எனக்கு முன்னால் வந்தவர்கள் சம்பாதித்து வைத்தது. அது என் கையில் கெட்டுவிடக் கூடாது என்ற பயம் முதல் நாளிலிருந்தே இருந்தது.

சரி, தம்பிக்கு வருவோம்.

முதல் இரண்டு வாரம் நான் அவனுக்குப் பாடம் எதுவும் நடத்தவில்லை. ஒரு நோட்டில் மூன்று பத்தி கோடு போட்டேன். என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதற்குப் பிறகு என்ன ஆனது. ஸ்பெஷல் எஜுகேஷன் படித்த எல்லோருக்கும் தெரிந்த முறைதான். ஆனால் படிப்பில் எழுதும்போது மற்றவர்களின் குற்றத்தைக் கண்டுபிடிக்கிற மாதிரி இருக்கும். சொந்த வகுப்பில் எழுதும்போது முதல் பத்தி முழுக்க நாம் செய்த வேலையாகவே இருக்கும். நான் கைதட்டி வரவேற்புப் பாட்டுப் பாடினேன், காதைப் பொத்தினான். பலூன் வெடித்தது, மேஜைக்கு அடியில் போனான். மின்விசிறி டக் டக் என்று அடித்துக்கொண்டே இருந்தது, தலையைச் சுவரில் முட்டினான். பள்ளி மணி அடித்தது, வாசலைத் தாண்டி ஓடினான்.

எங்கள் பள்ளி மணி என்பது ஒரு தண்டவாளத் துண்டு. இரும்புக் கம்பியால் அடிப்பார்கள். அது தொங்கியது என் வகுப்பு ஜன்னலுக்கு நேர் வெளியே.

இன்னொரு விஷயமும் அந்த நோட்டில்தான் பிடிபட்டது. எப்போது ஓடினாலும் அவன் கடைசியில் வந்து சேரும் இடம் என் மேஜைக்கு அடிதான். மூன்று பக்கமும் பலகை அடைத்த பழைய காலத்து மேஜை. உள்ளே இருட்டு, குளிர்ச்சியான தரை. அதை முரண்டு பிடிப்பது என்று நினைத்திருந்தேன். உண்மையில் அவன் எனக்கு ஒரு வரைபடம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். “எனக்கு இந்த மாதிரி ஒரு இடம் வேண்டும்” என்று வாயால் சொல்ல முடியாத பிள்ளை, உடம்பால் சொல்லிக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் எதிர்ச் சுவரில் இருந்த வசனத்தைப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து ஞாயிறு பள்ளியில் மனப்பாடமாகச் சொன்ன வசனம். இடங்கொடுங்கள் என்ற சொல்லை ‘அனுமதியுங்கள்’ என்ற அர்த்தத்தில்தான் எப்போதும் படித்திருக்கிறேன். அந்தச் சொல்லுக்குள் இடம் இருக்கிறது. தரை, சுவர், மூலை, வாசல். தடைபண்ணாதிருங்கள் என்பதில் இருக்கும் தடைதான் 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பேசும் தடையற்ற சூழலிலும் இருக்கிறது. அந்த வசனத்தைத் தம்பியின் கண் கூசுகிற மாதிரி ஜிகினாவில் எழுதி, நானே தடைபண்ணிக்கொண்டிருந்தேன்.

அதைக் கழற்றினேன். தூக்கிப் போடவில்லை, என் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டினேன். காலையில் வருகைப் பதிவேடு எடுக்கக் கதவைத் திறக்கும்போது நான் மட்டும் படிக்க வேண்டிய வசனம் அது.

அப்புறம் அறையை மாற்ற ஆரம்பித்தோம். சார்ட்டுகளில் முக்கால்வாசி கீழே இறங்கின. அந்த வாரம் நடத்தும் பாடத்துக்கான ஒன்று மட்டும் பிள்ளைகளின் கண் மட்டத்தில் இருக்கும். மின்விசிறிக்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டோம். சிமிட்டிக்கொண்டிருந்த டியூப்லைட்டை மாற்றினோம். மைதானத்தைப் பார்த்த ஜன்னலின் கீழ்ப் பாதிக்கு வெளிர் நிறத் துணி. பீரோவைப் பக்கவாட்டில் திருப்பி, சுவருக்கும் அதற்கும் நடுவில் ஒரு மூலை உண்டாக்கினோம். பத்தமடைக் கோரைப்பாய் ஒன்று, கனமான பழைய ஜமக்காளம் ஒன்று, ஒரு தலையணை. இதற்கு ‘அமைதி மூலை’ என்று பெயர். இதில் ஒரே ஒரு விதியை ஆயாம்மாவிடமும் மற்ற டீச்சர்களிடமும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது: இங்கே யாரையும் தண்டனைக்காக அனுப்பக் கூடாது. “போய் மூலையில உக்காரு” என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், அந்த மூலை அதோடு செத்துப்போகும்.

மணியை நகர்த்துவதுதான் கஷ்டமாக இருந்தது. “இத்தனை வருஷமா அங்கதான தொங்குது டீச்சர்” என்றார் வாட்ச்மேன் அண்ணன். தலைமையாசிரியை ஒரு நாள் என் வகுப்பில் வந்து உட்கார்ந்து, மணி அடிக்கும்போது தம்பியின் முகத்தைப் பார்த்தார். மறுநாளே தண்டவாளத் துண்டு சமையற்கட்டுப் பக்கம் வேப்பமரத்துக்குப் போனது. அதோடு, மணி அடிப்பதற்கு இரண்டு நிமிடம் முன்னால் மணியின் படம் போட்ட அட்டையைத் தம்பிக்குக் காட்டுவோம். அவன் காதைப் பொத்திக்கொண்டு காத்திருப்பான். அடித்து முடிந்ததும் அட்டையை அவனே கவிழ்த்து வைப்பான். எதிர்பார்த்து வருகிற சத்தமும் திடீரென்று வருகிற சத்தமும் அவனுக்கு ஒன்றல்ல.

சக்கர நாற்காலிப் பிள்ளைக்கு வந்த தடை வேறு மாதிரி. வாசலில் 15 சென்டிமீட்டர் படி. தினமும் அவள் அப்பா நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்துவிட்டுப் போவார். “நமக்கு என்ன பாரம், பிள்ளைதானே” என்பார். ஆனால் தூக்கி உள்ளே வைக்கப்படுவதும் தானாக உள்ளே வருவதும் வேறு. சாய்தளம் கட்ட வந்த கொத்தனார் மூன்றடி நீளம் போதும் என்றார். உயரம் ஒன்றுக்கு நீளம் 12 என்பது கணக்கு; 15 சென்டிமீட்டருக்கு 180 வேண்டும், அதாவது ஆறடி. “ஒரு படிக்கு ஆறடியா?” என்று சிரித்தார். அவளுடைய நாற்காலியிலேயே அவரை உட்காரச் சொல்லி, மூன்றடிப் பலகையைச் சாய்த்துப் போட்டு ஏறிப் பார்க்கச் சொன்னேன். பாதியில் நின்றுவிட்டார். பேசாமல் ஆறடி கட்டிக் கொடுத்தார், பக்கவாட்டில் கைப்பிடியும் சேர்த்து. பார்வைக் குறைவான பிள்ளைக்காக அதன் ஓரத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்தோம்.

காலை ஜெபத்தைப் பற்றி நீளமாகவே எழுத வேண்டும், ஏனென்றால் கிறிஸ்தவ டீச்சர்கள் என்னிடம் அதிகம் கேட்பது அதைத்தான்.

அரசியல் சாசனத்தின் 28ஆவது பிரிவில், 3ஆவது உட்பிரிவு தெளிவாக இருக்கிறது. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியில் படிக்கும் யாரையும் அவர்கள் சம்மதமில்லாமல் மதபோதனையிலோ வழிபாட்டிலோ பங்கெடுக்க வைக்கக் கூடாது. பிள்ளை மைனராக இருந்தால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். சட்டத்தை விடுங்கள். என் வகுப்பில் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லத் தெரியாது. வேண்டாம் என்று சொல்ல முடியாத பிள்ளையின் கையைப் பிடித்துக் கூப்ப வைப்பது எனக்கு ஜெபமாகத் தோன்றவில்லை.

அதனால் வகுப்பில் காலை நேரம் வணக்க நேரம் ஆனது. வட்டமாக உட்காருவோம். ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் மெதுவான ஒரே ராகத்தில் பாடுவோம், கைதட்டல் இல்லாமல். பெயர் வரும்போது அந்தப் பிள்ளை தன் புகைப்படத்தை எடுத்து, ‘வீடு’ படத்தின் கீழிருந்து ‘பள்ளி’ படத்தின் கீழே மாட்ட வேண்டும். எட்டுக் கொக்கி, எட்டுப் படம். கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளைகள் மூவரும், வீட்டார் எழுதிக் கொடுத்ததன் பேரில், மத்தியான இடைவேளையில் சிற்றாலயத்துக்குப் போவார்கள். முஸ்லிம் பிள்ளையின் அம்மா முதல் கூட்டத்தில் எதுவும் கேட்கவில்லை. நானே எடுத்துச் சொன்னபோது, “இதத்தான் எப்படிக் கேக்கதுன்னு ரெண்டு நாளா யோசிச்சேன் டீச்சர்” என்றார்.

என் ஜெபம் எங்கே போனது என்றால், காலை எட்டேகாலுக்குப் போனது. பிள்ளைகள் வருமுன் நான் தனியாக வந்து எட்டு இடத்திலும் உட்கார்வேன். தம்பியின் பாயில் உட்கார்ந்து தம்பிக்காக, சக்கர நாற்காலி நிற்கும் இடத்தில் முழங்கால் போட்டு அவளுக்காக. ஒரு பலன் நான் எதிர்பாராதது. எட்டு இடத்திலிருந்தும் அறையைப் பார்க்கிறோம் இல்லையா? ஓர் இடத்தில் காலை வெயில் நேராகக் கண்ணில் அடிப்பது, இன்னோர் இடத்திலிருந்து கரும்பலகையில் பாதி மறைவது, எல்லாம் அப்படித்தான் தெரிந்தது. பார்வைக் குறைவான பிள்ளையின் இடத்தை மாற்றியது ஒரு ஜெபத்துக்கு நடுவில்தான்.

ஆண்டவர் காது கேளாத, திக்குவாயான மனுஷனைச் சுகப்படுத்தியதை மாற்கு 7ஆம் அதிகாரத்தில் படிக்கும்போதும் இப்போது வேறு விவரம் கண்ணில் படுகிறது. முதலில் அவனைக் கூட்டத்தை விட்டுத் தனியே அழைத்துப் போகிறார். பிறகு அவன் காதில் விரலை வைக்கிறார், நாவைத் தொடுகிறார். காது கேளாதவனிடம் தொட்டுத்தான் பேசுகிறார். சத்தத்திலிருந்து விலக்கி, அவனுக்குப் புரிகிற வழியில் பேசியிருக்கிறார். நான் தோரணம் கட்டுமுன் இதைக் கவனித்திருக்கலாம்.

ஆகஸ்டில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வலிப்பு உள்ள பையன், காலை பதினொன்றரை மணிக்கு, பாசிமணி கோத்துக்கொண்டிருந்தவன், அப்படியே சாய்ந்துவிட்டான். கையும் காலும் வெட்டி இழுத்தன. ஆயாம்மா பக்கத்துச் சாமான்களை நகர்த்தினார். நான் அவனை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு ஜமக்காளத்தை மடித்து வைத்து, கடிகாரத்தைப் பார்த்தேன். சத்தம் கேட்டு வந்த ஒருவர் சாவிக்கொத்தை நீட்டினார். வாங்கவில்லை. இரும்பு கொடுத்தால் வலிப்பு நிற்காது, தானாக நிற்கும்போது கையில் இரும்பு இருக்கிறது, அவ்வளவுதான். வாயில் எதையும் வைக்கவும் கூடாது, தண்ணீரும் கூடாது. ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். மூன்றாவது நிமிடத்தில் நின்றது. எழுந்தபோது சிறுநீர் கழித்திருந்தான். மற்றப் பிள்ளைகள் பார்க்காமல் அமைதி மூலையில் வைத்து உடை மாற்றினோம்.

சாயங்காலம் அம்மாவிடம் மாத்திரையைப் பற்றிக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போயிருக்கிறார்கள். மேடையில் இருந்தவர், விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு என்று கேட்டிருக்கிறார். பத்து நாளாக மாத்திரை இல்லை. “போட்டா அவிசுவாசம் ஆயிருமோன்னு பயந்துட்டேன் டீச்சர்” என்று அழுதார்.

எனக்கு வந்த கோபம் அந்த அம்மா மேல் இல்லை. ஆனாலும் அந்த நேரத்தில் கோபத்தால் அவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்: “அக்கா, சுவிசேஷம் எழுதின லூக்கா வைத்தியர்தானே. பவுல் அவர பிரியமான வைத்தியன்னுதான எழுதுதாரு. நாம ஜெபமும் பண்ணுவோம், மாத்திரையும் போடுவோம். டாக்டர் சொல்லாம நிறுத்துனா முன்னயவிட மோசமா வரும்.” மறுநாள் லீவு போட்டு அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரும் அதையேதான் சொன்னார். மாத்திரை மறுபடியும் தொடங்கியது. எப்போது கொடுத்தார்கள் என்று குறிக்க வீட்டுக்கு ஒரு காலண்டர் கொடுத்தோம். ஒரு கிறிஸ்தவ டீச்சராக நான் அந்த வருடம் செய்ததில் உருப்படியான ஊழியம் எது என்று கேட்டால், அந்த ஆஸ்பத்திரிப் பயணத்தைத்தான் சொல்வேன். வேறொருவர் சொல்லியிருந்தால் அந்த அம்மா கேட்டிருக்க மாட்டார். அதே பைபிளைப் படிக்கிற ஒருத்தி சொன்னதால் கேட்டார்.

பாவம், சாபம் என்கிற பேச்சும் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இருந்தது. தம்பியின் ஆச்சி நெற்றி நிறையத் திருநீறோடு வந்து, “எந்த ஜென்மத்துல செஞ்ச பாவமோ டீச்சரம்மா” என்பார். கிறிஸ்தவ வீடுகளில் அதே கேள்விக்குச் சாபம் என்று பெயர். அவர்களிடம் யோவான் 9ஆம் அதிகாரத்தை எடுத்துக் காட்டுவேன். பிறவிக் குருடனைப் பார்த்து யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்றுதான் பதில் வருகிறது. ஆச்சியிடம் வசனம் பேசவில்லை. “ஆச்சி, யாரும் ஒரு தப்பும் பண்ணல. அவன் மூளை சத்தத்த வேற மாதிரி வாங்குது” என்றேன். பிறகு அவனுடைய மதிப்பீட்டு நோட்டைக் காட்டினேன். எம்.டி.பி.எஸ். என்று சென்னையில் உருவான ஒரு மதிப்பீட்டு முறை உண்டு: 18 பிரிவுகள், 360 செயல்கள். ஒவ்வொரு செயலும் ‘செய்கிறான்’ என்ற தொனியில் எழுதப்பட்டிருக்கும். ஆச்சிக்கு நான் அதைப் படித்துக் காட்ட, அவர் ஒவ்வொன்றுக்கும் வீட்டிலிருந்து சாட்சி சொன்னார். சட்டை பொத்தான் கழற்றுவான், பழத்தோல் உரிப்பான், செருப்பை ஜோடி சேர்ப்பான். அரை மணி நேரம் போனதும், “இம்புட்டும் செய்யுதானா?” என்று அவரே கேட்டார். அந்த வருடத் தனிநபர் கல்வித் திட்டத்தில் தம்பிக்கு நாங்கள் எழுதிய மூன்று இலக்குகளில் ஒன்று ஆச்சி சொன்னது: தண்ணீர் வேண்டும் என்றால் டம்ளர் படத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும். மற்ற இரண்டும் நாங்கள் நினைத்தவை, ஒன்றுதான் முடிந்தது. ஆச்சியின் இலக்கு அக்டோபரிலேயே முடிந்தது.

எல்லாம் சரியாகிவிடவில்லை. அக்டோபர், நவம்பர் மழையில் தகரக் கூரை அதிர்ந்தது. அதற்கு என்னிடம் மருந்தில்லை. மழை பெய்யும் நேரத்தில் தம்பியையும் இன்னோர் ஆட்டிசப் பையனையும் ஓட்டுக் கட்டடத்தில் இருந்த நூலக அறைக்கு ஆயாம்மா அழைத்துப் போவார். கூரைக்கு உள்பக்கம் தெர்மாகோல் அடிக்கப் பணம் கேட்டிருக்கிறோம், இன்னும் வரவில்லை. டவுன் சிண்ட்ரோம் பையனின் பெற்றோர் வருட நடுவில் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார்கள். அவனுக்கு நான் போட்டிருந்த திட்டம் பாதியில் நின்றது.

கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் மைக் வேண்டாம், சீரியல் லைட் வேண்டாம் என்று கேட்டபோது சிலருக்கு மனவருத்தம். விட்டு விட்டு எரியும் வெளிச்சம் சிலருக்கு வலிப்பைக் கொண்டுவரக்கூடும் என்று விளக்கினேன். விட்டு விட்டு எரியாத ஒற்றை நட்சத்திர விளக்கு மட்டும் கட்டினோம். நிகழ்ச்சி இருபது நிமிடம். சக்கர நாற்காலிப் பிள்ளை தன் கையாலேயே நாற்காலியைத் தள்ளி, சாய்தளத்தில் ஏறி, நட்சத்திர விளக்கின் ஸ்விட்சைப் போட்டாள். அவள் அப்பா கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தூக்குவதற்கு நீண்ட கை அப்படியே நின்றுவிட்டது.

தம்பி மேஜைக்கு அடியில் போவது தை மாதத்துக்குப் பிறகு நின்றது. வாசலைத் தாண்டி ஓடுவது முதல் வாரங்களில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவைக்கு மேல் இருந்தது, வருடக் கடைசியில் வாரத்துக்கு ஒன்றிரண்டு. அமைதி மூலைக்குத் தானாகப் போவான், தானாக எழுந்து வருவான். பேச்சு வரவில்லை.

அடுத்த ஜூனில், மாற்றலாகிப் போன பையனின் இடத்துக்குப் புதிதாக ஒரு பெண் பிள்ளை வந்தாள். அவள் வந்தது சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னால். புகைப்படம் எடுக்கவில்லை, பலகையில் எட்டாவது கொக்கி காலியாக இருந்தது. வணக்க நேரத்தில் அவள் பெயரைப் பாடினேன். அவள் ஆயாம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தம்பி எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தான். பலகை வரைக்கும் இழுத்துப் போய், என் விரலைக் காலிக் கொக்கியில் வைத்து அழுத்தினான். இரண்டு தடவை.

வரிசையில் ஒன்று குறைவது அவனுக்குப் பொறுக்கவில்லை, அதுதான் காரணம் என்றார் தெரபிஸ்ட். இருக்கலாம். நான் ஒரு வெள்ளை அட்டையை வெட்டி அவள் பெயரை எழுதி, தம்பி கையில் கொடுத்தேன். அவன் மாட்டிவிட்டுப் பாயில் போய் உட்கார்ந்துகொண்டான்.